தன்னம்பிக்கை அலமாரியில் ஹிட்லர்

எங்கள் குடியிருப்போர் சங்கத்து வாசகசாலைக்குப் புதுப் புத்தகம் வாங்க இந்த ஆண்டு 20,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். நல்ல காரியம். வாங்க வேண்டிய புத்தகங்களின் பட்டியலும் அறிவிப்புப் பலகையில் ஒட்டியாயிற்று. அதில் ‘தன்னம்பிக்கை, சுயமுன்னேற்றம்’ என்ற தலைப்பின் கீழ் ஹிட்லர் எழுதிய ‘மெயின் காம்ஃப்’ தமிழ் மொழிபெயர்ப்பு, இரண்டு பிரதிகள். அதற்கு மேல் வரியில் நேர நிர்வாகம் பற்றி ஒரு புத்தகம். கீழ் வரியில் பங்குச் சந்தையில் பணம் பண்ணுவது எப்படி என்று ஒன்று.

இதை நான் எதிர்க்கிறேன். எழுத்து மூலம் செயலாளரிடம் கொடுத்தும் விட்டேன். அரைப் பக்கக் கடிதத்தில் அடங்காத சங்கதி நிறைய இருப்பதால் மீதியை இங்கே எழுதுகிறேன். பட்டியல் போட்டவர்கள் என் நண்பர்கள்தான். தினமும் காலையில் சேர்ந்து நடப்பவர்கள். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, முழுக்கப் படித்துவிட்டுக் கோபித்துக்கொள்ளட்டும்.

முதலில் ஒரு பழைய கணக்கு. 1706-ல் சீகன்பால்க் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். மணலில் விரலால் எழுதி நம் எழுத்தைக் கற்றார் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அவர் தமிழ் கற்றதோடு நிற்கவில்லை. நம் சாமிகளைப் பற்றியும் வழிபாட்டைப் பற்றியும் விசாரித்து விசாரித்து ஒரு பெரிய நூல் எழுதி, 1713-ல் ஜெர்மனியில் உள்ள ஹாலே நகரத்துக்கு அனுப்பினார். அங்கிருந்த மேலிடத்துக்கு அது பிடிக்கவில்லை. அச்சாகாமல் கிடந்து, 1867-ல்தான் சென்னையில் அச்சேறியது. கார்ல் கிரவுல் என்ற இன்னொரு ஜெர்மானியர் திருக்குறளை ஜெர்மன் மொழியில் பெயர்த்து 1856-ல் வெளியிட்டார். நோக்கம் மதப் பிரசாரமாகவே இருக்கட்டும், நம்மைப் பற்றித் தெரிந்துகொள்ள அவர்கள் பட்ட பாடு அது. பதிலுக்கு ஜெர்மானியரைப் பற்றித் தெரிந்துகொள்ள நாம் என்ன செய்தோம்? கார், கத்தரிக்கோல், கால்பந்து, அப்புறம் ஹிட்லர். அந்த ஹிட்லரையும் அவர் தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொண்ட புத்தகம் வழியாக மட்டும்.

நடைப்பயிற்சியில் வாரத்துக்கு ஒரு தடவையாவது இந்தப் பேச்சு வரும். “என்ன சார், ஹிட்லர் மாதிரி ஒருத்தர் வந்தாத்தான் இந்த நாடு உருப்படும்” என்பார் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற நண்பர். குப்பை லாரி வரவில்லை என்றாலும் ஹிட்லர், பேரன் சொன்ன பேச்சு கேட்கவில்லை என்றாலும் ஹிட்லர். ஏன் என்று கேட்டால் சொல்லும் காரணங்கள் எப்போதும் ஒன்றுதான்: வேலை இல்லாத் திண்டாட்டத்தை ஒழித்தார், நெடுஞ்சாலை போட்டார், நிர்வாகத்தைக் கத்தி மாதிரி வைத்திருந்தார், வெள்ளைக்காரனை அடித்தார்.

நெடுஞ்சாலையை முதலில் முடித்துவிடுவோம். கொலோன் நகரத்துக்கும் பான் நகரத்துக்கும் நடுவே மோட்டார் நெடுஞ்சாலையைத் திறந்துவைத்தவர் கொலோன் மேயர் கொன்ராட் அடினாவர். தேதி 1932 ஆகஸ்ட். ஹிட்லர் பதவிக்கு வந்தது 1933 ஜனவரி 30. போருக்குப் பிறகு மேற்கு ஜெர்மனியின் முதல் பிரதமர் ஆனாரே, அதே அடினாவர்தான்.

வேலை விஷயத்துக்கு ஆடம் டூஸ் என்ற பொருளாதார வரலாற்று ஆசிரியரின் புத்தகம் இருக்கிறது, 2006-ல் வந்தது. வங்கியில் வேலை பார்த்த நண்பர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். 1933 தொடக்கத்தில் ஜெர்மனியில் சுமார் 60 லட்சம் பேர் வேலையில்லாமல் இருந்தார்கள். சில வருடங்களில் அந்த எண்ணிக்கை விழுந்தது உண்மை. எப்படி விழுந்தது? மந்தத்தின் அடிமட்டம் 1932-லேயே கடந்துவிட்டது. கல்யாணம் ஆகும் பெண் வேலையை விட்டால் 1,000 மார்க் வரை கடன் என்று அறிவித்துப் பெண்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். 1935-ல் கட்டாய ராணுவ சேவை வந்தது. எல்லாவற்றுக்கும் மேலே ஆயுத உற்பத்தி. அதற்குப் பணம் எங்கிருந்து வந்தது என்றால், ‘மெஃபோ’ என்று பத்து லட்சம் மார்க் முதலீட்டில் ஒரு பெயரளவுக் கம்பெனியை உண்டாக்கி, அதன் பெயரில் சுமார் 1,200 கோடி மார்க்குக்கு உண்டியல் எழுதினார்கள். பின்னால் நின்றது மத்திய வங்கி. நம் கிளை மேலாளர் யாராவது இப்படி ஒரு பார்ட்டிக்கு பில் டிஸ்கவுண்ட் செய்திருந்தால் ஓய்வூதியம் கையில் கிடைத்திருக்குமா? இந்தக் கடனை அடைக்க அவர்களுக்கு இருந்த வழி பக்கத்து நாடுகளைக் கொள்ளையடிப்பது. அதற்குத்தான் அந்த ஆயுதம்.

மக்கள் கார் கதையும் உண்டு. வாரம் 5 மார்க் ஸ்டாம்பு வாங்கி ஒட்டிக்கொண்டே வந்தால் 990 மார்க்குக்குக் கார் என்று 1938-ல் ஒரு சேமிப்புத் திட்டம். சுமார் 3,36,000 பேர் சேர்ந்தார்கள். ஒருவருக்கும் கார் வரவில்லை. தொழிற்சாலை ராணுவ வண்டி செய்யப் போய்விட்டது. போர் முடிந்து பல வருடம் வழக்கு நடத்தி, புது வண்டி விலையில் கொஞ்சம் தள்ளுபடி வாங்கினார்கள். 90-களில் நம் ஊரில் ராவோடு ராவாகப் பூட்டிக்கொண்டு போன ஃபைனான்ஸ் கம்பெனிகளில் பணம் போட்டவர்கள் என் வாசகர்களில் பலர். அவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது நிர்வாகம். இயன் கெர்ஷா எழுதிய வாழ்க்கை வரலாறு இரண்டு பெரிய தொகுதிகள், 1998-லும் 2000-லும் வந்தவை. ஒரே தொகுதியாகச் சுருக்கியதும் கிடைக்கிறது. அதில் வரும் ஹிட்லர் நம் நண்பர்கள் நினைக்கும் ஆள் இல்லை. நேரம் கழித்து எழுவார். கோப்பு பார்க்கப் பிடிக்காது. ஒரே வேலைக்கு இரண்டு மூன்று இலாகாக்கள், ஒன்றை ஒன்று வெட்டிக்கொள்ளும். அமைச்சரவை கடைசியாகக் கூடியது 1938 பிப்ரவரியில். அப்புறம் ஏழு வருடம் கூடவே இல்லை! தலைவர் மனதில் என்ன இருக்கும் என்று கீழே உள்ளவர்கள் ஊகித்து, போட்டி போட்டுக்கொண்டு ஒருவரை விட ஒருவர் கொடூரமாகச் செய்தார்கள் என்பது கெர்ஷாவின் முக்கியமான வாதம். எந்த அலுவலகத்திலாவது பத்து வருடம் குப்பை கொட்டியவருக்கு இது சட்டென்று புரியும்.

கட்டுப்பாடு இருந்ததே என்பார்கள். இருந்தது. 1933 மே 2-ம் தேதி தொழிற்சங்க அலுவலகங்களை எல்லாம் பிடித்துக்கொண்டு தலைவர்களை உள்ளே தள்ளினார்கள். அந்த அமைதியைத்தான் கட்டுப்பாடு என்கிறோம். நெருக்கடி நிலை காலத்தில் ரயில் நேரத்துக்கு ஓடியது என்று இப்போதும் சிலாகிப்பவர்கள் உண்டு. நான் வேலைக்குச் சேர்ந்தபோது எதிர் மேசையில் இருந்தவர் 1974 ரயில்வே வேலைநிறுத்தத்தில் வேலை போய், பல நாள் கழித்துத் திரும்பச் சேர்க்கப்பட்டவர். ரயில் நேரத்துக்கு வந்த கதையை அவரிடம் சொல்லிப் பார்த்திருக்க வேண்டும்.

வெள்ளைக்காரனை அடித்தார், அதனால் நமக்கு வேண்டியவர் என்பது நான்காவது. இதில்தான் எனக்கு ஆத்திரம் அதிகம். வாசகசாலையில் வாங்கப் போகிறார்களே, அதே ‘மெயின் காம்ஃப்’பில் அவர் இந்திய விடுதலைப் போராட்டக்காரர்களைக் கேலி செய்திருக்கிறார். இந்தியா வேறு யாரிடமும் போவதை விட ஆங்கிலேயனிடமே இருப்பது நல்லது என்றும் எழுதியிருக்கிறார். 1937 நவம்பரில் ஹாலிஃபாக்ஸ் பிரபு அவரைப் பார்க்கப் போனார். யார் இந்த ஹாலிஃபாக்ஸ்? காந்தி-இர்வின் ஒப்பந்தம் என்று மனப்பாடம் செய்தோமே, அந்த இர்வின்தான். இந்தியாவை எப்படிச் சமாளிப்பது என்று அவருக்கே ஹிட்லர் யோசனை சொன்னார்: காந்தியைச் சுட்டுவிடுங்கள். அது போதாவிட்டால் காங்கிரஸ் தலைவர்களில் ஒரு டஜன் பேரைச் சுடுங்கள். அதுவும் போதாவிட்டால் 200 பேர். கூட இருந்த கிர்க்பாட்ரிக் என்ற ஆங்கில அதிகாரி எழுதி வைத்திருக்கிறார். முன்னாள் வைஸ்ராயே அதிர்ந்து போனாராம்.

நேதாஜி 1942 மே மாதம் அவரைச் சந்தித்தது உண்டு. இந்திய விடுதலையை ஆதரித்து வெளிப்படையாக ஓர் அறிவிப்பு கேட்டார். கிடைக்கவில்லை. செண்பகராமன் பிள்ளை ஹிட்லரையே மன்னிப்புக் கேட்க வைத்தார் என்று பேச்சுப் போட்டிகளில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். சரி, அந்தக் கதையின் பொருள் என்ன? இந்தியர்களை ஹிட்லர் இழிவாகப் பேசினார் என்பதுதானே கதையின் தொடக்கம்! அந்தக் கதையைப் பெருமையோடு சொல்கிற அதே வாய் அடுத்த நிமிஷம் அவர் மாதிரி ஒருத்தர் வேண்டும் என்கிறது.

இதுவரை சொன்னது ஒரு மனிதரைப் பற்றி. ஆய்வாளர்கள் எழுதிய புத்தகங்களை வாங்குங்கள் என்று நான் மல்லுக்கு நிற்பதற்கு உண்மையான காரணம் வேறு. அவை அந்த ஒரு மனிதரைப் பற்றி மட்டும் பேசுவதில்லை.

நான் 34 வருடம் ரயில்வே கணக்குப் பிரிவில் இருந்தவன். கட்டண விகிதம், அரை டிக்கெட், கூட்டுப் பயணச் சலுகை, இதுதான் என் உலகம். ராவுல் ஹில்பர்க் என்பவர் 1961-ல் வெளியிட்ட புத்தகம் ஐரோப்பிய யூதர்கள் எப்படி அழிக்கப்பட்டார்கள் என்பதை அலுவலகக் கோப்புகளை வைத்தே சொல்கிறது. அதில் ரயில்வே பற்றிய பகுதி இருக்கிறது. கொலை முகாமுக்கு யூதர்களை ஏற்றிப்போன ரயில்களுக்கு ஜெர்மன் ரயில்வே கட்டணம் வசூலித்தது. மூன்றாம் வகுப்புக் கட்டணம், கிலோமீட்டருக்கு 4 ஃபெனிக். பத்து வயதுக்குக் கீழே பாதி. நான்கு வயதுக்குக் கீழே இலவசம். 400 பேருக்கு மேல் போனால் கூட்டுப் பயணச் சலுகை, பாதிக் கட்டணம். அழைத்துப் போகப்படுகிறவர்களுக்கு ஒரு வழிச் சீட்டு. காவலுக்குப் போகிறவர்களுக்கு மட்டும் போக வர.

அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் வாசல் திண்ணையில் போய் உட்கார்ந்துவிட்டேன். அந்த விகிதத்தைப் போட்டவனுக்கு என் மேசை மாதிரி ஒரு மேசை இருந்திருக்கும். பென்சில், அழிப்பான், மேலதிகாரி கையெழுத்துக்கு ஒரு தட்டு. கணக்கில் ஒரு ஃபெனிக் குறைந்தால் விளக்கம் கேட்டு மெமோ வந்திருக்கும். அவன் யாரையும் அடிக்கவில்லை. வெறுத்தானா என்பதுகூடக் கோப்பில் இருக்காது. பில் சரியாக இருந்தது, அவ்வளவுதான். ஹிட்லர் புத்தகத்தை எத்தனை தடவை படித்தாலும் இந்த மனிதன் உங்களுக்குக் கிடைக்க மாட்டான்.

கிறிஸ்டோபர் பிரவுனிங் என்பவர் 1992-ல் எழுதியது சின்னப் புத்தகம். ஹாம்பர்க்கிலிருந்து போலந்துக்கு அனுப்பப்பட்ட ரிசர்வ் போலீஸ் படை, எண் 101. சுமார் 500 பேர். நடுவயதுக்காரர்கள், குடும்பஸ்தர்கள், துறைமுகத் தொழிலாளி, லாரி ஓட்டுநர், குமாஸ்தா. 1942 ஜூலை 13 அன்று யூசெஃபோவ் என்ற ஊரில் யூதப் பெண்களையும் குழந்தைகளையும் கிழவர்களையும் சுட வேண்டும் என்று உத்தரவு. அவர்களுடைய மேஜர் டிராப் கலங்கிய கண்ணோடு சொன்னார்: வயதில் பெரியவர்களில் இது முடியாது என்று நினைப்பவர் விலகிக்கொள்ளலாம். விலகியவர்கள் ஒரு டஜன் பேர் சுமார். விலகியவர்களை யாரும் தண்டிக்கவில்லை. மற்றவர்கள் அன்று சாயங்காலத்துக்குள் சுமார் 1,500 பேரைச் சுட்டார்கள். அந்தப் படை கடைசியில் குறைந்தது 38,000 பேரைச் சுட்டு, 45,000 பேரை டிரெப்ளிங்கா முகாமுக்கு ரயில் ஏற்றியது. 1960-களில் அரசு வழக்கறிஞர்கள் எடுத்த 210 பேரின் வாக்குமூலங்கள்தான் பிரவுனிங்கின் ஆதாரம்.

அதே வாக்குமூலங்களைப் படித்துவிட்டு டேனியல் கோல்ட்ஹாகன் என்பவர் 1996-ல் நேர் எதிராக எழுதினார்: இவர்கள் சாதாரண மனிதர்கள் என்று சொல்லாதே, யூத வெறுப்பில் தலைமுறை தலைமுறையாக ஊறிய ஜெர்மானியர்கள் என்று சொல் என்று. பெரிய சண்டை நடந்தது. என் ஓட்டு பிரவுனிங்குக்குத்தான். கோல்ட்ஹாகன் சொல்வதை ஏற்றால், அது யாரோ ஓர் இனத்தின் வியாதி, நமக்கு வராது என்று நிம்மதியாகத் தூங்கப் போகலாம். அந்த நிம்மதி எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. ஆனால் இரண்டையும் வாங்கி வையுங்கள். எங்கள் பேரப்பிள்ளைகள் இரண்டையும் படித்துவிட்டு எங்களோடு சண்டை போடட்டும்.

சண்டை என்றதும் ஃபிரிட்ஸ் ஃபிஷரைச் சொல்ல வேண்டும். ஹாம்பர்க் பல்கலைக்கழகப் பேராசிரியர். முதல் உலகப் போருக்கு ஜெர்மனிதான் பெரும் பொறுப்பு, நாடு பிடிக்கும் திட்டம் 1914-லேயே எழுத்தில் இருந்தது என்று சொந்த நாட்டின் ஆவணங்களிலிருந்தே எடுத்து 1961-ல் போட்டு உடைத்தார். தேசத் துரோகி என்று தூற்றாத குறை. 1964-ல் அவர் அமெரிக்காவுக்குச் சொற்பொழிவாற்றப் போக இருந்த பயணத்துக்கு அரசு பண உதவியை நிறுத்தியது. அமெரிக்கப் பேராசிரியர்கள் சேர்ந்து வரவழைத்தார்கள். தன் நாட்டைப் பற்றி இப்படி எழுத ஒரு நெஞ்சுறுதி வேண்டும். ஜெர்மானியரிடம் கற்றுக்கொள்ள ஏதாவது தன்னம்பிக்கைப் பாடம் வேண்டுமென்றால் அந்த அலமாரியில் ஃபிஷரை வையுங்கள், ஆட்சேபணை இல்லை.

விக்டர் கிளெம்பரர் இன்னொருவர். டிரெஸ்டனில் பிரெஞ்சு இலக்கியப் பேராசிரியர், யூதராகப் பிறந்தவர். வேலை போனது, வீடு போனது, நூலகத்துக்குள் நுழையக்கூடத் தடை. மனைவி யூதர் இல்லை என்பதால் மயிரிழையில் உயிரோடு இருந்தார். அந்தப் பன்னிரண்டு வருடமும் ரகசியமாக நாட்குறிப்பு எழுதினார். அகப்பட்டால் சாவு. அதிலிருந்து எடுத்து, நாஜிகள் ஜெர்மன் மொழியை என்ன செய்தார்கள் என்று 1947-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். ‘வெறி பிடித்த’ என்ற பொருளில் வசவாக இருந்த சொல் அந்தக் காலத்தில் பாராட்டாக மாறியது என்கிறார் அதில். வெறியோடு உழைப்பவன், வெறியோடு நேசிப்பவன் என்று பத்திரிகை முழுக்க. நம் வீட்டுப் பையன்கள் ஒரு சினிமாவைப் பாராட்ட இப்போது என்ன சொல்கிறார்கள்? “வெறித்தனம் தாத்தா!” நான் ஒன்றும் கூரை மேல் ஏறிக் கூவவில்லை. ஆனால் அந்தப் புத்தகத்தைப் படித்த பிறகு அந்தச் சொல் காதில் விழும்போதெல்லாம் ஒரு நிமிஷம் நிற்கிறேன்.

இனி, கடிதம் கொடுத்ததும் எனக்கு வந்த பதில்கள்.

“புத்தகத்தைத் தடை பண்ணச் சொல்றீங்களா சார்?” இல்லவே இல்லை. ஜெர்மனியிலேயே அதை வைத்திருப்பது குற்றம் இல்லை. காப்புரிமை பவேரியா மாநில அரசிடம் இருந்தது, மறுபதிப்புக்கு அனுமதி கொடுக்காமல் இருந்தார்கள். 2015 கடைசியில் காப்புரிமை முடிந்தது. உடனே, 2016 ஜனவரியில், மியூனிக்கில் உள்ள சமகால வரலாற்று ஆய்வு நிறுவனம் ஒரு பதிப்பு கொண்டுவந்தது. இரண்டு தொகுதி, கிட்டத்தட்ட 2,000 பக்கம், 3,500-க்கு மேல் அடிக்குறிப்புகள். அந்த ஆள் ஒரு பொய் எழுதினால் அதைச் சுற்றிலும் ஆதாரத்தோடு மறுப்பு. விஷத்தை அலமாரியில் வைப்பதென்றால் லேபிள் ஒட்டி வைப்பது இப்படித்தான். நாம் வாங்குவது அடிக்குறிப்பே இல்லாத பிரதி, அதுவும் சுயமுன்னேற்றம் என்ற லேபிளோடு.

“மக்கள் ஓட்டுப் போட்டுத்தானே வந்தார்?” 1932 ஜூலையில் அவர் கட்சிக்கு 37.3 சதவீதம். நவம்பரில் 33.1 ஆகக் குறைந்தது. தேறாது என்று இருந்தவரை, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று கூப்பிட்டு நாற்காலியில் உட்கார வைத்தவர்கள் பெரிய மனிதர்கள். அதிகாரம் முழுவதையும் அவரிடம் ஒப்படைக்கும் சட்டம் 1933 மார்ச் 23-ல் வந்தபோது, வெளியே அடியாட்கள் நிற்க, எதிர்த்து ஓட்டுப் போட்டவர்கள் சமூக ஜனநாயகக் கட்சிக்காரர்கள் 94 பேர். மற்றவர்கள் எல்லாரும் படித்தவர்கள், பக்திமான்கள், கை தூக்கினார்கள். ரிச்சர்ட் எவன்ஸ் மூன்று தொகுதிகளில் விரிவாக எழுதியிருக்கிறார். 2003, 2005, 2008 என்று வந்தவை. முதல் தொகுதி மட்டுமாவது வேண்டும்.

“இதெல்லாம் ஆங்கிலம், யார் படிப்பார்கள்?” நம் காலனியில் ஆங்கிலத்தில் சம்பாதித்தவர்கள் பாதிப் பேர். ஓய்வு பெற்ற பிறகு ஆங்கிலம் மறந்துவிடுமா? ஆய்வு நூல் என்றால் தூக்கம் வரும் என்பவர்கள் வில்லியம் ஷெரிடன் ஆலன் 1965-ல் எழுதியதிலிருந்து தொடங்கலாம். ஒரே ஒரு ஊர். சுமார் 10,000 பேர், அதில் ரயில்வேக்காரர்கள் நிறைய. ஊர்க்காரர்களைக் காப்பாற்ற தால்புர்க் என்று பொய்ப் பெயர் வைத்தார், உண்மைப் பெயர் நார்ட்ஹைம் என்று பிறகு வெளியே வந்துவிட்டது. கடைக்காரர், பள்ளி ஆசிரியர், பாட்டுக் கச்சேரி சங்கம், துப்பாக்கி சுடும் சங்கம். ஒவ்வொரு சங்கமாக நிர்வாகக் குழுவில் கட்சிக்காரர்கள் வந்து உட்கார்ந்தது எப்படி என்று சொல்கிறார். ஊரார் பலர் யூத வெறுப்பினால் அந்தக் கட்சிக்குப் போகவில்லை, கட்சிக்குப் போனதால் அந்த வெறுப்புக்குப் பழகினார்கள் என்பது அவர் முடிவு. குடியிருப்போர் சங்கத்தில் பொறுப்பு வகிப்பவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும், நானும் ஒரு காலத்தில் பொருளாளராக இருந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

தமிழ்ப் பதிப்பாளர்களுக்கும் ஒரு வார்த்தை. ஹிட்லர் வாழ்க்கையை எத்தனை பேர் எத்தனை தடவை எழுதிப் போடுவீர்கள்? ஆலன் புத்தகத்தையும் பிரவுனிங் புத்தகத்தையும் யாராவது தமிழில் கொண்டுவாருங்கள். முன்பதிவுத் திட்டம் போட்டால் முதல் பணம் என்னுடையது.

வாசகசாலைக்கு நான் கேட்பது இவ்வளவுதான். அந்த இரண்டு பிரதியில் ஒன்றை வெட்டுங்கள். மிச்சம் ஒன்றை வரலாற்று அலமாரிக்கு மாற்றி, அதற்கு இரண்டு பக்கமும் கெர்ஷாவின் ஒற்றைத் தொகுதியும் பிரவுனிங்கும் வையுங்கள். எல்லாம் பேப்பர்பேக்கில் கிடைக்கிறது, 20,000-க்குள் அடங்கும். அதற்குள் படிக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வீட்டுக்கு வரலாம். ஆலன், பிரவுனிங், கிளெம்பரர் மூன்றும் என்னிடம் இருக்கின்றன. ஒரு நோட்டில் பெயர் எழுதிவிட்டு எடுத்துப் போகலாம், பதினைந்து நாள் தவணை. ஹில்பர்க்கை மட்டும் வெளியே கொடுப்பதில்லை, இங்கேயே உட்கார்ந்து படிக்கலாம், காபி உண்டு.